தருமிகளே... மதுரைக்கு வாங்க!

இன்டர்வியூனு மெயில் வந்ததும் நீங்க முதல்ல என்ன செய்வீங்க பாஸ்? நான் செஞ்சது இதுதான்... சீனியர் ஒருத்தருக்கு போன் போட்டு, "அண்ணே, உங்க செல்ஃப் இன்ட்ரோ இருந்தா அனுப்புங்கண்ணே"னு கேட்டேன். அனுப்பினார். பேரையும் ஊரையும் மட்டும் மாத்தி, காற்புள்ளி அரைப்புள்ளிகூட விடாம மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன். 'ஹாபி: செஸ்'னு அதுல இருந்துச்சு. எனக்கு செஸ்ல குதிரை எங்கிட்டுப் போகும்னே சரியாத் தெரியாது!

அங்க என்ன ஆச்சுங்கறதை அப்புறமா, பொற்றாமரைக் குளத்தாண்ட உட்கார்ந்து சொல்றேன். ஏன்னா, அந்தக் கதையை அங்க வெச்சுச் சொன்னாத்தான் பொருத்தமா இருக்கும். அடுத்த புதன்கிழமை எனக்கு ரெண்டாவது இன்டர்வியூ. நம்ம பொறுப்பாசிரியர் அண்ணன்கிட்ட, "இந்த வாரம் மதுரை டிராவல் கட்டுரை எழுத முடியாதுண்ணே, தயாராகணும்"னு நெளிஞ்சேன். "தயாராகறதுக்கு எங்கெங்க போறியோ அதையே எழுதுய்யா"னுட்டார். ஸோ, வாங்க... மேலூர்ல பஸ் ஏறுவோம்.

சனிக்கிழமை காலைல மேலூர் பஸ் ஸ்டாண்ட் எப்படி இருக்கும்னா... பூக்கூடை, பால் கேன், நோட்டுப் புத்தகம், தூக்கம். ஜன்னலோர சீட் கிடைச்சா வலது பக்கம், இடது பக்கம் ரெண்டையும் பார்த்துக்கிட்டே வாங்க. பெரியாறு வாய்க்கால் தண்ணி வர்ற வருஷம்னா ரெண்டு பக்கமும் வயல் பச்சைப் பசேல்னு கிடக்கும். வெள்ளரிப்பட்டி டயர் பேக்டரிகிட்ட ஷிஃப்ட் முடிச்ச அண்ணன்கள் கண்ணு செவந்து ஏறுவாங்க. அப்புறம் யானைமலை. படுத்துக்கிட்டிருக்கிற யானை மாதிரி, பஸ் எங்கிட்டுத் திரும்பினாலும் கூடவே வரும். அதைத் தாண்டினா ஒத்தக்கடை, விவசாயக் கல்லூரி, 2004-ல் திறந்த ஹைகோர்ட் கிளை, கடைசியா மாட்டுத்தாவணி.

இந்த ரூட்டை நான் சின்ன வயசுலேர்ந்து அப்பா மடியில உட்கார்ந்து பார்த்திருக்கேன். அப்பா கிரானைட் குவாரியில கம்ப்ரஸர் ஓட்டினவர். 2012-ல் எங்க பக்கத்துக் குவாரிகளை மூடினப்போ அவருக்கும் வேலை போச்சு. இப்போ லோடு ஆட்டோ. கல்விக் கடன் ஒண்ணு பேங்க்ல இருக்கு. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும்தான் அது அமைதியா இருக்கும், அப்புறம் மாசாமாசம் கதவைத் தட்டும். இதை இரக்கத்துக்காகச் சொல்லலை. உங்கள்ல பாதிப் பேருக்கு இதே கதைதான்னு தெரியும்.

மாட்டுத்தாவணியில இறங்கினதும் டீ குடிக்கத் தோணும். பொறுங்க, முதல்ல ஒரு வேலை இருக்கு. கம்பெனி இருக்கிறது இலந்தைக்குளம் ஐ.டி. பார்க் பக்கம். எல்காட் போட்ட பார்க் அது. பாண்டி கோயில், ரிங் ரோடுன்னு சொன்னா ஆட்டோ அண்ணன்களுக்குப் புரியும். கூகுள் மேப் 'பத்து நிமிஷம்'னு சொல்லும், நம்பாதீங்க. நான் வாட்ச் பார்த்துக் கிளம்பினேன். ஷேர் ஆட்டோ நிரம்பக் காத்திருந்த நேரம், சிக்னல், தப்பான கேட்ல போய் நின்னு திரும்பி நடந்ததுன்னு எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டு நிமிஷம். புதன்கிழமை காலைல அந்த முப்பத்தெட்டு நிமிஷத்தை முதல் தடவையாக் கண்டுபிடிச்சிருந்தா என் சட்டை நிலைமை என்னாகியிருக்கும்? யோசிங்க.

கேட்டுக்கு எதிர்ல ஒரு டீக்கடை. அக்கா ஒருத்தங்க போடுறாங்க. "இன்டர்வியூவா தம்பி? இன்னிக்கு யாரும் வரலையே"ன்னாங்க. "புதன்கிழமைக்கா. இடம் பார்க்க வந்தேன்"னேன். வடையை எண்ணெயிலேர்ந்து எடுத்துக்கிட்டே சிரிச்சாங்க. "காலைல வர்ற புள்ளைக பூராம் பேப்பரை வெச்சு முணுமுணுத்துக்கிட்டே டீயை ஆற விட்டுருதுக. வெளிய வர்றப்ப மூஞ்சிய பார்த்தே சொல்லிருவேன். வேலை கெடச்சதா இல்லையான்னு இல்ல, கேட்டதுக்குப் பதில் சொல்லுச்சா இல்லையான்னு!"

செக்யூரிட்டி அண்ணன்கிட்டயும் பேசிட்டேன். ஒரிஜினல் ஐ.டி. கார்டு இல்லாம வந்து கேட்லயே மல்லுக்கட்டுறவங்க வாரத்துக்கு ரெண்டு பேராவது உண்டாம். லேப்டாப் கொண்டு வந்தா கேட்லயே பதியணுமாம். இதெல்லாம் எந்த மெயில்லயும் போட்டிருக்க மாட்டாங்க.

அங்கேர்ந்து அடுத்த ஸ்டாப், புது நத்தம் ரோடு. கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலை 15-ல் திறந்தாங்க. தரைத்தளமும் அதுக்கு மேல ஆறு மாடியும், ரெண்டு லட்சம் சதுர அடிக்கு மேல. முதல் தடவை போனா, 'நம்மளை உள்ள விடுவாங்களா?'னு ஒரு தயக்கம் வரும். விடுவாங்க. ஏ.சி. வேற. வெயில் காலத்துல பாதிப் பேர் அதுக்குத்தான் வர்றாங்கன்னு ஒரு வதந்தி, நான் மறுக்க மாட்டேன்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்க பகுதியில இடம் பிடிக்கிறது தனி யுத்தம். அங்க ஒரு அக்கா. குரூப் தேர்வுக்கு மூணாவது வருஷமாப் படிக்கிறாங்க. என் நோட்டைப் பார்த்துட்டு, "தம்பி, எல்லாத்தையும் கலர் பேனாவால கோடு போட்டு வெச்சிருக்க. புஸ்தகத்தை மூடிட்டு ஒரு தடவை சொல்லு பார்ப்போம்"னாங்க. மூடினேன். ஒண்ணும் வரலை. "கண்ணுக்குப் பழக்கமா இருக்கிறதை மூளைக்குத் தெரியும்னு நினைச்சுக்கிறோம். நான் ரெண்டு வருஷம் அப்படித்தான் ஏமாந்தேன்"னு சொல்லிட்டு, அவங்க பாட்டுக்கு டிபன் பாக்ஸைத் தூக்கிட்டுச் சாப்பிடப் போயிட்டாங்க. மூவாயிரம் ரூபா கோச்சிங் கிளாஸ் மூணு வாக்கியத்துல முடிஞ்சுபோச்சு!

நூலகம் திறந்த அன்னிக்கு மேடையில இருந்தவர்கள்ல ஒருத்தர் எச்.சி.எல். நிறுவனர் ஷிவ் நாடார். மதுரை இளங்கோ மாநகராட்சிப் பள்ளி மாணவர் அவர். அமெரிக்கன் கல்லூரியில படிச்சு, கோவை பி.எஸ்.ஜி.-யில இன்ஜினீயரிங் முடிச்சு, 1976-ல் நண்பர்களோட கம்பெனி ஆரம்பிச்சார். இன்னிக்கு அதே எச்.சி.எல்.லுக்கு இலந்தைக்குளத்துல கேம்பஸ் இருக்கு. கார்ப்பரேஷன் ஸ்கூல், தமிழ் மீடியம்னு குனிஞ்சுக்கிட்டு நடக்கிற மக்கா... சும்மா தகவலுக்குச் சொன்னேன்.

மதுரைக்காரர் இன்டர்வியூ கதை இன்னொண்ணும் இருக்கு. சுந்தர் பிச்சை பிறந்தது மதுரையில, 1972-ல். அவர் கூகுள் இன்டர்வியூக்குப் போன நாள் 2004 ஏப்ரல் 1. அதே நாள்ல ஜிமெயிலை அறிவிச்சிருந்தாங்க. உள்ள போனா ஆளாளுக்கு 'ஜிமெயில் பத்தி என்ன நினைக்கிறீங்க?'னு கேட்டிருக்காங்க. இவருக்கோ அது ஏப்ரல் ஃபூல் ஜோக்கா, நிஜமான்னே சந்தேகம். நாலாவதா வந்தவர், 'நீங்க அதைப் பார்த்திருக்கீங்களா?'னு கேட்க, இல்லைன்னு உள்ளதைச் சொல்லியிருக்கார். அவரே திறந்து காட்டினார். அஞ்சாவது ஆள் அதே கேள்வியைக் கேட்டப்போ சுந்தர்கிட்ட பதில் இருந்துச்சு! 2017-ல் காரக்பூர் ஐ.ஐ.டி. மாணவர்கள்கிட்ட அவரே சிரிச்சுக்கிட்டே சொன்ன கதை இது. பார்க்காததைப் பார்த்த மாதிரி முதல் ஆள்கிட்டயே அளந்து விட்டிருந்தா, நாலாவது ஆள் திறந்து காட்டியிருப்பாரான்னு எனக்கு ஒரு சந்தேகம்.

சரி, வாங்க. மீனாட்சியம்மன் கோயில். இங்க போன் கொண்டு போகக் கூடாது தெரியுமா? 2018 பிப்ரவரி தீ விபத்துக்கு அப்புறம் வந்த தடை. வாசல்ல கொடுத்துட்டு டோக்கன் வாங்கிட்டுத்தான் உள்ள போகணும். அதுக்காகவேதான் என் பங்காளி ஒருத்தனையும் (எங்க டீம்ல சர்க்யூட் போட்டவன்) கூட்டிட்டு இங்க வந்தேன். போன் இல்லாம, கூகுள் இல்லாம, என் ப்ராஜெக்ட்டை நான் அவனுக்கு விளக்கணும். இதான் டீல்.

பொற்றாமரைக் குளம். நடுவுல தங்கத் தாமரை தகதகன்னு. இந்தக் குளத்துலதான் சங்கப் பலகை மிதந்ததாவும், தகுதி இல்லாததைத் தள்ளி விட்டதாவும் கதை. அதாவது, மதுரையோட முதல் செலக்‌ஷன் போர்டு! அந்த போர்டுல மாட்டிக்கிட்டவர்தான் நம்ம ஆள், தருமி.

கதை உங்களுக்குத் தெரியும். 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்துல நாகேஷ் பண்ணின தருமி. நக்கீரரா நடிச்சது படத்தோட டைரக்டர் ஏ.பி.நாகராஜனே. பாண்டிய மன்னனுக்குச் சந்தேகம், ஆயிரம் பொற்காசு பரிசு. தருமிக்குக் கஷ்ட ஜீவனம். இறைவனே பாட்டு எழுதிக் கொடுக்கிறார். அந்தப் பாட்டு குறுந்தொகையில ரெண்டாவதா, இறையனார் பேர்ல இன்னிக்கும் இருக்கு. தருமி சபைக்குப் போய்ப் பிரமாதமாப் படிக்கிறார், மன்னருக்கும் பிடிச்சிடுது. அப்போதான் நக்கீரர் எழுந்திருக்கிறார். பாட்டோட பொருள்ல குற்றம்னு ஒரு கேள்வி. ஒரே ஒரு துணைக் கேள்வி பாஸ். தருமி காலி!

போன மாசம் நான் உட்கார்ந்த நாற்காலிக்கு இப்போ வருவோம். எதிர்ல மூணு பேர். 'உங்களைப் பத்திச் சொல்லுங்க'ன்னாங்க. நாற்பது செகண்ட்ல கொட்டினேன், செஸ் உள்பட. அடுத்தது ப்ராஜெக்ட். தொட்டியில தண்ணி எவ்வளவு இருக்குன்னு சொல்ற கருவி. அல்ட்ராசோனிக் சென்சாரைத் தொட்டி மூடியில வெச்சா, அது ஒலி அலையை அனுப்பும். தண்ணியில பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரமாச்சுன்னு பார்த்து, அதை ஒலி வேகத்தால பெருக்கி, ரெண்டால வகுத்தா தூரம். இதுவரைக்கும் தடங்கலே இல்லை. நடுவுல உட்கார்ந்திருந்தவர் கண்ணாடியை மேல ஏத்திக்கிட்டு, "புரோகிராம்ல ஒலி வேகம் என்ன கொடுத்திருக்கீங்க?"ன்னார்.

"செகண்டுக்கு 343 மீட்டர் சார்."

"எத்தனை டிகிரி வெப்பத்துல?"

நான் முழிச்சேன்.

"மே மாசம், மத்தியானம் ரெண்டு மணி, உங்க ஊர் மொட்டைமாடித் தொட்டி. அப்பவும் 343 தானா?"

ஏ.சி. ரூம்ல எனக்கு வேர்த்துச்சு. அவர் கோபப்படலை, நக்கல் பண்ணலை. ரொம்பச் சாதாரணமா அடுத்த கேள்வி கேட்டார். "நாலு பேர் டீம்னு போட்டிருக்கீங்க. இதுல நீங்க செஞ்சது எது?"

உண்மையான பதில், பவர்பாயின்ட். புரோகிராம் நெட்லேர்ந்து எடுத்தது. சர்க்யூட் என் பங்காளி. ரிப்போர்ட் போன வருஷ பேட்ச். நான் செஞ்சது பதினாலு ஸ்லைடும், அதுல முதல் ஸ்லைடுல சுத்துற அனிமேஷனும். "எல்லாரும் சேர்ந்து செஞ்சோம் சார்"னு இழுத்தேன். அவர் பேப்பரைத் திருப்பி வெச்சார். அவ்வளவுதான்.

தருமிக்காவது, திரும்ப ஓடிப்போய் அழுதா எழுதிக் கொடுத்தவரே நேர்ல வந்தார். நமக்கு அந்த வசதி இல்லை மக்கா. ப்ராஜெக்ட் சென்டர் அண்ணன் பேனல் முன்னாடி வந்து நின்னு நெற்றிக்கண்ணைத் திறக்க மாட்டார்! சின்ன வயசுலேர்ந்து அந்தப் படத்தைப் பார்க்கிறப்பெல்லாம் நக்கீரர் மேல எனக்குக் கடுப்பாத்தான் இருக்கும். இப்போ இல்லை. அவர் கேட்டது தப்பான கேள்வி கிடையாது. பாட்டை எழுதினவனைக் கேட்க வேண்டிய கேள்வியை, எழுதாதவன்கிட்ட கேட்டுட்டார். அவ்வளவுதான் பிரச்னை.

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். "நான் குவாரிக்குப் போன மொத நாளு மேஸ்திரி கையில சுத்தியலைக் கொடுத்தார். அந்தா இருக்க கல்லைத் தட்டிப் பாரு, உள்ள விரிசல் இருக்கா இல்லையா சொல்லுன்னார். தட்டினேன். நல்ல கல்லுன்னா கணீர்னு கேக்கும், ஓடிப்போன கல்லு பொத்துனு கேக்கும். மொத நாலு கல்லு தப்பாச் சொன்னேன். அஞ்சாவது சரியாச் சொன்னேன்"னார். "தப்பாச் சொன்னதுக்கு அனுப்பிடலையா?"ன்னேன். "நாலு தடவையும் தட்டிட்டுத்தானப்பா சொன்னேன்!"

மறுநாளே பங்காளி வீட்டுக்குப் போய் சென்சாரை வாங்கிட்டு வந்தேன். புரோகிராமை ஒவ்வொரு வரியாப் படிச்சேன், வெட்கமா இருந்துச்சு. முப்பது வரிகூட இல்லை. 343-ங்கிறது 20 டிகிரிக்கு. ஒரு டிகிரி ஏறினா ஒலி வேகம் செகண்டுக்கு 0.6 மீட்டர் ஏறும். 40 டிகிரின்னா கிட்டத்தட்ட 355. எங்க மாடியில ஒரு பிளாஸ்டிக் டிரம் இருக்கு. தண்ணி மட்டத்துக்கும் மூடிக்கும் சரியா ஒரு மீட்டர் வர்ற மாதிரி ஊத்தி, ஸ்கேல் வெச்சு அளந்தேன். காலைல ஆறு மணிக்கு சென்சார் 99 செ.மீ. காட்டுச்சு. மத்தியானம் ரெண்டு மணிக்கு 97. ஒரு சொட்டுத் தண்ணிகூட யாரும் ஊத்தலை, எடுக்கலை. ஆனா, வெயில்ல தண்ணி ரெண்டு சென்டிமீட்டர் 'ஏறிடுச்சு'! அந்த ரெண்டு செ.மீ.-ஐப் பார்த்தப்போ எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே... எட்டு செமஸ்டர்ல இதுவரைக்கும் முடிஞ்சதுல ஒரு தடவைகூட வந்ததில்லை. வெப்பத்தை அளக்கிற சின்ன சென்சார் ஒண்ணை வாங்கிச் சேர்த்து, வேகத்தை அதுக்கேத்த மாதிரி மாத்துற ரெண்டு வரியை நானே எழுதினேன். இப்போ காலையும் மத்தியானமும் ஒரே நம்பர் காட்டுது.

குளத்தாண்ட உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னப்போ பங்காளி குறுக்கக் குறுக்கக் கேள்வியா அடுக்கினான். "நுரை இருந்தா என்ன காட்டும்? மூடியில நீராவி படிஞ்சா?" ரெண்டுக்குப் பதில் தெரிஞ்சுது, ஒண்ணுக்குத் தெரியலை. தெரியாததை, "தெரியலை, ஆனா இப்படிச் சோதிச்சுப் பார்ப்பேன்"னு சொல்லிப் பழகினேன். சொல்லிப் பாருங்க. வாயில வர்றதுக்கே நாலஞ்சு தடவை ஆகும். பக்கத்துல உட்கார்ந்து மல்லிகைப் பூ கட்டிக்கிட்டிருந்த பாட்டி, "என்னப்பு, ரெண்டு பேரும் சண்டையா?"ன்னாங்க.

வெளிய வந்ததும் டிரெஸ் விஷயம். புதுமண்டபத் தூண்களுக்கு நடுவுல வரிசையா மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த டெய்லர்களைப் பழைய போட்டோக்கள்ல பார்த்திருப்பீங்க. அந்தக் கடைங்களை இப்போ பக்கத்துல இருக்கிற குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க. சித்தப்பா கொடுத்த முழுக்கைச் சட்டையோட தோளைப் பிடிக்கக் கொடுத்தேன். அரை மணி நேரத்துல முடிஞ்சுது. ஷூவும் சித்தப்பாவோடதுதான். ஒரு சைஸ் பெரிசு.

டிரெஸ் பத்திப் புலம்புறப்போ ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கங்க. காந்தி அரையாடைக்கு மாறினது இதே ஊர்ல, மேல மாசி வீதி வீட்டுல. 1921 செப்டம்பர் 22. அந்த உடையில முதல்ல மக்கள் முன்னாடி நின்ன இடம் காமராஜர் சாலையில இருக்கு, 'காந்தி பொட்டல்'னு பேரு. அதே உடையிலதான் பிற்பாடு லண்டன்ல மன்னரையும் பார்த்தார். அதுக்காக நீங்க வேட்டியைத் தூக்கிக் கட்டிட்டு இன்டர்வியூக்குப் போங்கன்னு சொல்லலை. துவைச்சு, தேய்ச்சு இருந்தாப் போதும். பிராண்டை யாரும் திருப்பிப் பார்க்கிறதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைல கீழக்குயில்குடி. நாகமலை புதுக்கோட்டை பக்கம். தாமரைக் குளம், அய்யனார் கோயில், அதுக்குப் பின்னாடி சமணர் மலை. செட்டிப்புடவுல ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசான தீர்த்தங்கரர் சிற்பங்கள். யாரோட மாணவர் யார், இந்தச் சிலையைச் செய்ய வெச்சது யாருன்னு வட்டெழுத்துல வெட்டி வெச்சிருக்காங்க. அந்தக் காலத்து ரெஸ்யூமேன்னு நினைச்சுக்கிட்டேன். செஞ்சது என்னன்னு ஒரு வரி, அவ்வளவுதான். என்னோடது ரெண்டரைப் பக்கம் இருந்துச்சு. மலையிலேர்ந்து இறங்கி வந்து ஒரு பக்கமாக் குறைச்சுட்டேன். செஸ் அவுட்!

பாறையில உட்கார்ந்து மூணு பேர் மாத்தி மாத்தி இங்கிலீஷ்ல பேசிப் பார்த்தோம். கீழ ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த பெரியவர் ஒருத்தரைத் தவிர யாரும் கேட்கலை. கிராமர் தப்புச்சு, பரவால்ல. நீளமா யோசிச்சு இங்கிலீஷுக்கு மாத்துறதை விட்டுட்டு, சின்னச் சின்ன வாக்கியமாப் பேசினா மூச்சு வாங்கலை. ஒரு பையன் மட்டும் எல்லாப் பதிலையும் 'பேசிக்கலி'ல ஆரம்பிச்சான். பதினேழு தடவை. எண்ணிச் சொன்ன அப்புறம்தான் அவனுக்கே தெரிஞ்சுது. உங்களுக்கும் அப்படி ஒண்ணு இருக்கும், யாரையாவது எண்ணச் சொல்லுங்க. (எனக்கு, 'ஆக்சுவலி'.)

திரும்பி வர்றப்போ ஜிகர்தண்டா குடிக்கலாமான்னான் பங்காளி. தொண்டை கட்டிக்கும், வியாழக்கிழமை பார்த்துக்கலாம்னுட்டேன். ரிசல்ட் எதுவா இருந்தாலும் வியாழக்கிழமை விளக்குத்தூண்ல, என் செலவு.

இதை எழுதுறது திங்கட்கிழமை ராத்திரி. ஃபைல்ல ரெஸ்யூமே நாலு காப்பி, ஒரிஜினல் ஐ.டி. கார்டு, மார்க் ஷீட். சென்சாரையும் ஒரு டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன், கேட்டா காட்டலாம்னு. மறுபடியும் டிரம்ல தண்ணி ஊத்திச் சரிபார்த்தேன். அப்பா மாடிக்கு வந்து, "இன்னுமா தட்டிக்கிட்டிருக்க?"ன்னார். அம்மா ஷூவோட முனையில நியூஸ்பேப்பரைச் சுருட்டிச் சொருகிட்டு, நடந்து காட்டச் சொன்னாங்க. நடந்தேன். லேசா 'டக் டக்'னு சத்தம் வருது. புதன்கிழமை காலைல மேலூர்ல 7.10 பஸ்.